நிற்கும் கார், ஓடும் சைக்கிள்: மொன்றியல் தெருவில் ஒரு வழக்கு



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் திருமுறை, சங்கப் பாட்டு, இல்லாவிட்டால் புலம்பெயர் இலக்கியம் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. சைக்கிளைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் அமைப்பாளர்களில் ஒருவர், "ஐயா, பகிடி விடுறீங்களோ?" என்று கேட்டார். பகிடி இல்லை. மொழிச் சண்டைக்குப் பேர்போன இந்த நகரத்தில், இன்று அயலவரோடு அயலவர் முகம் கொடுக்காமல் போவதற்குத் தெருவோரத்துச் சைக்கிள் பாதை காரணமாகிவிட்டது. நகரசபைத் தேர்தலில் அது பேசுபொருளாகிவிட்டது. நாங்கள் வாழும் பார்க் எக்ஸ்ரென்ஷன் அந்தச் சண்டையின் நடுவில் இருக்கிறது. எங்கள் மேடைகளில் இதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. காரை விட இடம் கிடைக்காமல் சுற்றும்போது மட்டும் திட்டுகிறோம்.

நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சைக்கிள்காரருக்கும் கார்க்காரருக்கும் சண்டை என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. ஓடுகிற காருக்கும் ஓடுகிற சைக்கிளுக்கும் உள்ள வழக்கைச் சட்டம் ஏதோ ஒருவகையில் தீர்த்து வைத்திருக்கிறது. தீராமல் கிடப்பது, தெருவோரம் தரித்து நிற்கிற காருக்கும் ஓடுகிற சைக்கிளுக்கும் உள்ள வழக்கு. அந்தத் தரிப்பிடம் யாருடையது, யாரைக் கேட்டு எடுத்தார்கள் என்ற இரண்டு கேள்விகளில்தான் கோபம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

மொன்றியலைச் சைக்கிள் நகரம் என்று உலகம் சொல்வது சும்மா அல்ல. பாதைகளின் மொத்த நீளம் 1,000 கிலோமீற்றரைத் தாண்டிவிட்டது. கோப்பன்ஹேகன்காரர்கள் வெளியிடும் சைக்கிள் நகரங்களின் தரவரிசையில் 2011இல் 8ஆவது இடம், 2019இல் 18ஆவது இடம். 2009 மே மாதம் வந்த பிக்ஸி பொதுச் சைக்கிளை எல்லோரும் அறிவீர்கள். இங்கே உருவான அந்தத் தொழில்நுட்பம்தான் பிறகு லண்டனுக்கும் நியூயோர்க்குக்கும் போனது. வெளியூருக்கு விற்கப் போய்க் கடனில் மாட்டிய கம்பனி 2014 தொடக்கத்தில் முறிந்தது. நகரசபை கையேற்று, இலாப நோக்கமற்ற நிறுவனமாக்கி, இன்றுவரை நடத்துகிறது. 2024இல் அந்தச் சைக்கிள்களில் ஏறத்தாழ ஒரு கோடியே 30 இலட்சம் பயணங்கள்.

இவையெல்லாம் நகரபிதாக்கள் மனமிரங்கித் தந்தவை என்று நினைக்க வேண்டாம். 1975இல் 'லு மோன்ட் ஆ பிசிக்லெட்' என்றொரு சிறு சைக்கிள் உரிமைக் குழு தொடங்கியது. அதன் முகங்களாக இருந்த இருவரில் றொபேட் சில்வர்மன் ஆங்கிலம் பேசுபவர், ஊரார் அவரை 'பைசிக்கிள் பொப்' என்பார்கள். கிளேர் மொறிசெட் பிரெஞ்சு பேசுபவர். காலத்தை நினைத்துப் பாருங்கள். 1976 நவம்பரில் பார்ட்டி கெபெக்குவா ஆட்சிக்கு வருகிறது, அடுத்த ஆண்டு மொழிச் சட்டம் வருகிறது, ஆங்கிலம் பேசுபவர்களில் பலர் பெட்டி கட்டி ரொறன்ரோவுக்குப் போகிறார்கள். அந்தச் சூட்டில் இரு மொழிக்காரரும் ஒரே குழுவில் நின்று ஒரே அலுவலுக்காகத் தெருவில் படுத்தார்கள்.

படுத்தார்கள் என்று சொல்வது அலங்காரமல்ல. நகர நடுவில், கார்கள் ஓடும் வீதியில், உடம்பில் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு பிணங்களைப் போலக் கிடந்தார்கள். மெற்றோ ரயிலில் சைக்கிள் ஏற்றக் கூடாது என்று தடை இருந்தது. ஏணி, பனிச்சறுக்குப் பலகை, அட்டையில் செய்த பெரிய மிருகங்கள் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் மெற்றோவுக்குள் கொண்டுபோனார்கள். ஏணிக்குத் தடையில்லையே, சைக்கிளுக்கு மட்டும் ஏன் என்பது கேள்வி. செயின்ற் லோறன்ஸ் ஆற்றைச் சைக்கிளில் கடக்க வழியில்லாதிருந்த காலத்தில் சில்வர்மன் மோசேயின் வேடமிட்டு ஆற்றங்கரையில் நின்று, தண்ணீரே விலகு என்று கட்டளையிட்டார். ஆறு விலகவில்லை. இரவில் தாங்களே பெயின்ற் வாளியோடு போய்த் தெருவில் சைக்கிள் பாதைக் கோடு போட்டார்கள். அதற்காகச் சில்வர்மன் சிறைக்கும் போனார்.

மொறிசெட் 1999இல் பழைய சைக்கிள்களைச் சேகரித்து ஏழை நாடுகளுக்கு அனுப்பும் சிக்லோ நோர் சுட் அமைப்பைத் தொடங்கினார். 2007இல் இறந்தார். நகர நடுவே டு மெசோனேவ் பெருந்தெருவில் ஓடும் பாதைக்கு இன்று அவர் பெயர். சில்வர்மன் 2022இல் மறைந்தார். நகரம் யாரைத் தொல்லை என்று விரட்டியதோ, அவர்களில் ஒருவரின் பெயரையே பலகையில் எழுதி வைத்திருக்கிறது. எங்கள் ஊர் மாநகரசபைகளும் இதைக் கவனிக்கலாம்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். மொன்றியல் தீவுக்குள் சிவப்பு விளக்கில் வலப்பக்கம் திரும்பக் கூடாது. கியூபெக்கின் மற்றப் பகுதிகளில் 2003இல் அதை அனுமதித்தபோதும் தீவு விலக்காகவே இருந்தது. ரொறன்ரோவிலிருந்து வரும் மச்சான்மார் ஒவ்வொரு முறையும் இதில் தடுமாறுகிறார்கள். 2016இலிருந்து, சைக்கிளைக் கடந்துபோகும் கார், 50 கிலோமீற்றருக்கு உட்பட்ட வீதியில் ஒரு மீற்றரும், அதற்கு மேற்பட்ட வேக வீதியில் ஒன்றரை மீற்றரும் விலகவேண்டும். காரின் கதவைப் பாராமல் திறந்தால் 200 முதல் 300 டொலர் அபராதம். 2018இல் சைக்கிள்காரர் பக்கமும் இறுக்கினார்கள். முன்பு 15, 30 டொலராக இருந்த அபராதம் 80 முதல் 100 ஆனது. அதே திருத்தத்தில், பாதசாரி விளக்கு எரியும்போது சைக்கிளும் போகலாம் என்று அனுமதித்தார்கள்.

இன்னொரு விடயத்தைப் பலர் கவனிப்பதில்லை. 1978 மார்ச் 1ஆம் திகதி, லீஸ் பாயெட் அமைச்சராக இருந்தபோது, கியூபெக்கில் புதிய வாகனக் காப்புறுதி முறை நடைமுறைக்கு வந்தது. மோட்டார் வாகனத்தால் உடற்காயப்பட்டவர் எவரும், பிழை எவர் பக்கமானாலும், அரச காப்புறுதியிடமிருந்து நட்டஈடு பெறுவார். அதற்குப் பதிலாக, சாரதிமேல் சிவில் வழக்குப் போட முடியாது. சைக்கிளில் போனவர் காரோடு மோதினால் அவருக்கும் இது பொருந்தும். இது நல்ல ஏற்பாடு. காயப்பட்டவர் சட்டத்தரணியைத் தேடி அலையவேண்டியதில்லை. ஆனால் ஒரு பக்க விளைவு உண்டு என்பது என் கணிப்பு. வேறு ஊர்களில் நீதிமன்றத்தில் நடக்கவேண்டிய 'யார் பிழை' என்ற விவாதம் இங்கே நடக்க இடமில்லை. அந்தக் கோபம் எங்கேயாவது போய்த்தானே ஆகவேண்டும்? அது தெருவின் அமைப்பை நோக்கிப் போகிறது, நகரசபைக் கூட்டத்துக்கு வருகிறது. அதனால் மொன்றியலில் ஒரு மரணம் நடந்தால் அடுத்த மாதமே வீதிப்படத்தை மாற்று என்ற குரல் எழுகிறது.

2014 ஏப்ரலில் சென் டெனித் தெருவின் ரயில் பாலத்துக்குக் கீழ் ஒரு பெண் பார லொறியில் சிக்கி இறந்தார். அதன் பிறகுதான் அப்படிப்பட்ட சுரங்க வழிகள் சிலவற்றில் நடைபாதையில் சைக்கிள் ஓட நகரசபை இசைந்தது. 2017 ஒக்ரோபர் 4ஆம் திகதி றோயல் மலையில், காமில்லியன் ஹூட் பாதையில், 18 வயதுச் சைக்கிள் பந்தயப் பிள்ளை ஒருவன் இறக்கமாக வந்துகொண்டிருந்தான். முன்னால் போன பெரிய கார் திடீரென்று தடைசெய்யப்பட்ட இடத்தில் திரும்பியது. பிள்ளை அதில் மோதி இறந்தான். சாரதிமேல் குற்ற வழக்குத் தொடரப்படவில்லை. ஏறத்தாழ ஒரு மாதத்தில் நகரசபைத் தேர்தல் வந்தது. மேயராக இருந்த டெனி கொடேரைத் தோற்கடித்து வலெறி பிளான்ட் வந்தார், இந்த நகரத்தின் முதல் பெண் மேயர். அடுத்த கோடையில், 2018 ஜூன் தொடக்கம் ஒக்ரோபர் முடிவு வரை, கார்கள் மலையைக் குறுக்கே கடக்க முடியாதபடி மறித்துப் பரீட்சித்தார்கள். இரண்டு பக்கத்தாலும் மேலே போகலாம், கடந்துபோக மட்டும் முடியாது.

ஊர் இரண்டுபட்டது. மலையில் இருக்கும் கல்லறைகளுக்கு வயதான தாயைக் கூட்டிப்போகும் மகனும் எதிர்த்தார், மலையைக் குறுக்கு வழியாகப் பாவித்து அலுவலகம் போகிறவரும் எதிர்த்தார். முதலாமவரின் கவலை எனக்கு விளங்குகிறது. இரண்டாமவருக்காக ஒரு மலையையும் ஒரு பூங்காவையும் திறந்து வைத்திருக்க வேண்டியதில்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மலைமேல் கார்ப்பாதை வேண்டாம் என்று நின்றவர் பழைய மேயர் காமில்லியன் ஹூட். அவர் இறந்த 1958ஆம் ஆண்டில் திறந்த அந்தக் கார்ப்பாதைக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். 2023 செப்டெம்பரில் பிளான்ட், அப்பாதையைக் கார் இல்லாத பாதையாக்கப்போவதாக அறிவித்தார். அப்போது எதிர்க்கட்சியாக இருந்த ஆன்சாம்பிள் மொன்றியல் எதிர்த்தது.

மலை வழக்கு, கடந்து செல்லும் உரிமை பற்றியது. நகரத்தின் மற்ற வழக்குகளில் பெரும்பாலானவை அப்படியல்ல. சென் டெனித் தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 நவம்பரில் அங்கே 'றெவ்' என்று அழைக்கும் விரைவுச் சைக்கிள் பாதை திறந்தது. திசைக்கு இரண்டு தடமாக இருந்த கார் வழி ஒன்றானது. கடைக்காரர்கள் கலங்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. குழாய் போடவென்று தெருவைக் கிண்டியதில் முன்பே நொந்திருந்தார்கள், வாடகை ஏறியிருந்தது, பிறகு கொரோனா, அதோடு இது. தெரு செத்துவிடும் என்றார்கள். சாகவில்லை. பூட்டிக் கிடந்த கடைகள் பல மறுபடி திறந்தன. பாதையால்தான் திறந்தன என்று நான் சொல்லமாட்டேன், ஆரூடம் பலிக்கவில்லை என்று மட்டும் சொல்வேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சென் டெனியில் எடுத்தது பெரும்பாலும் ஓடும் தடத்தை. கார் தரிக்கும் வரிசை, நடைபாதையிலிருந்து சற்று விலகி, அங்கேயே இருக்கிறது. அந்தச் சண்டை அடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

மேற்கே என்.டி.ஜி. பேட்டையின் தெர்பொன் தெருவில் நடந்தது வேறு கதை. 2020இல் பரீட்சார்த்தமாகப் போட்ட பாதையை எதிர்ப்புக்கு அஞ்சி எடுத்துவிட்டார்கள். 2024இல் மீண்டும் போட்டபோது தரிப்பிடங்கள் போயின, அயல் இரண்டு முகாமானது. போனது தரிப்பிடம். அதனால் சண்டை அடங்கவில்லை.

ஏன் தரிப்பிடத்துக்காக இவ்வளவு கோபம்? மொன்றியல் வீட்டைப் பாருங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று வீடு, வெளியே வளைந்திறங்கும் இரும்புப் படி, முன்னால் கையகல முற்றம், உடனே நடைபாதை. கார் பெருகுவதற்கு முன் கட்டிய வீடுகள். கராஜ் கிடையாது. கார் வந்தபோது தெருவே எல்லோருக்கும் கராஜ் ஆனது. ஒரு கார் நிற்கப் பன்னிரண்டு சதுர மீற்றர் வேண்டும், அது எங்கள் பழைய வீடுகளின் ஓர் அறையளவு. அந்த அறையை நகரசபை பல தெருக்களில் இலவசமாகவோ சொற்பக் கட்டணத்துக்கோ விட்டிருந்தது. அரை நூற்றாண்டு இலவசமாகப் பாவித்ததை உரிமை என்று மனிதர் நினைப்பது இயல்பு.

அந்த உரிமைக்கும் ஒரு கம்பம் நிறையப் பலகைகள். செவ்வாய்க்கிழமை காலை ஒரு மணிநேரம் இந்தப் பக்கம் துப்புரவு, வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம். அம்புக்குறி இடப்பக்கம் என்றால் ஒரு பொருள், வலப்பக்கம் என்றால் வேறொன்று. ஒப்பீட்டளவில் கோடை சொர்க்கம். ஸ்நோ கொட்டி இரண்டு நாளில் செம்மஞ்சள் பலகை வரும், இத்தனை மணியிலிருந்து இங்கே தரிக்காதே என்று. பிறகு இரவில் இழுவை லொறியின் அந்தச் சங்கு கேட்கும். இரண்டு சுரத்தில், ஏறி இறங்கி, தெருவே விழிக்கும்படி. மேல்மாடியிலிருந்து சாரத்துக்கு மேல் குளிரங்கியை மாட்டிக்கொண்டு, சப்பாத்தின் கயிறு கட்டாமல், சுரண்டியும் கையுமாக இறங்கி ஓடுகிற மனிதரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த மனிதரிடம் போய், நாளையிலிருந்து தெருவின் ஒரு பக்கம் முழுவதும் சைக்கிளுக்கு என்று சொன்னால், அவர் பருவநிலை மாற்றத்தைப் பற்றிச் சிந்திக்கமாட்டார்.

தரித்து நிற்கும் கார் ஓடும் சைக்கிளுக்கு ஆபத்தாவது அதன் கதவால். மணிக்கு 20 கிலோமீற்றரில் வருகிற சைக்கிள் ஒரு செக்கனில் ஐந்தரை மீற்றர் கடக்கும். அது ஒரு காரின் நீளத்தைவிட அதிகம். கதவு ஒரு மீற்றர் வெளியே நீளும். கண்ணாடியைப் பாராமல் நீங்கள் கதவைத் தள்ளும் நொடியில் அவர் உங்கள் பின்கதவுக்கு நேரே வந்திருந்தால், பிரேக் பிடிக்க அவருக்கு நேரமில்லை. விலகினால் பின்னால் வரும் பஸ்ஸுக்குக் கீழ். இதற்கு வழி இருக்கிறது, காசும் செலவில்லை. கதவை அருகிலுள்ள இடக்கையால் திறக்காமல், வலக்கையை நீட்டித் திறவுங்கள். உடம்பு தானாகத் திரும்பும், கண் தானாகப் பின்னால் பார்க்கும். ஒல்லாந்தில் கார் பழகும்போதே இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இன்றைக்கு வீட்டுக்குப் போய் இறங்கும்போதே செய்து பாருங்கள்.

இனி எங்கள் பார்க் எக்ஸ்ரென்ஷன், பேச்சு வழக்கில் பார்க் எக்ஸ். ஒன்றரைச் சதுர கிலோமீற்றரளவு நிலம், 30,000 பேரளவில் சனம். ஒரு காலத்தில் கிரேக்கர், பிறகு நாங்கள், வங்காளிகள், பாகிஸ்தானியர், பஞ்சாபிகள். 1986 ஓகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர்கள் மீட்ட கதை உங்களுக்குத் தெரியும். அவர்களில் பலர் வந்து சேர்ந்தது மொன்றியலுக்கு. மேற்கே லக்காடிப் பெருந்தெருவுக்கு அப்பால் மவுண்ட் றோயல் நகரம், பணக்காரப் பகுதி. இடையில் 1960இல் ஒரு கம்பிவேலி போட்டார்கள். தெரு எல்லோருக்கும் பொது என்று யாராவது சொன்னால் அந்த வேலியின் கதையை அவருக்குச் சொல்லுங்கள்.

இந்தப் பேட்டையில் கேர்ப் அவெனியூவையும் அதைச் சுற்றிய தெருக்களையும் சேர்த்து, சைக்கிள் பாதைக்காக ஏறத்தாழ 250 தரிப்பிடங்களை எடுத்தபோது எழுந்த கோபம் உங்களில் பலருடையது. எதிர்த்தவர்கள் யார் என்று பாருங்கள். டாக்சி ஓடுகிறவர், இரவு வேலைக்குச் சென் லோறன் தொழிற்சாலைக்குப் போகிறவர், அலுவலகம் துப்புரவாக்கும் பெண்கள். மெற்றோ ஓடாத நேரத்தில் வேலை முடிந்து வருகிறவர்களுக்குக் கார் ஆடம்பரம் இல்லை, சம்பளத்தின் ஒரு பகுதி. அதற்குச் சற்று முன்புதான் தெற்கே ரயில்வே நிலத்தில் மொன்றியல் பல்கலைக்கழகம் 2019இல் புதிய வளாகம் திறந்தது. பேட்டையில் வாடகை ஏறியது, பழைய குடித்தனங்கள் வெளியேறின. சைக்கிள் பாதை வந்தபோது, இது எங்களுக்கானதில்லை, எங்களுக்குப் பிறகு வரப்போகிறவர்களுக்கானது என்று சனம் நினைத்தது. அந்த நினைப்பு முழுப் பிழையில்லை. கலந்தாலோசனை என்ற பெயரில் நடந்தவற்றில் இரவு வேலை செய்கிறவர் எப்படிக் கலந்துகொள்வார்? தமிழிலோ வங்காளத்திலோ உருதுவிலோ கதவைத் தட்டிக் கேட்டிருந்தால் கதையின் பாதி மாறியிருக்கும்.

ஆனால் இந்தச் சபையில் மறுபக்கத்தையும் சொல்லியாகவேண்டும். சைக்கிள்காரர் என்றதும், பிளாட்டோ பேட்டையில் வாழும், பால் கோப்பியும் தாடியுமாக ஒரு வெள்ளைக்காரர் எங்கள் மனதில் வருகிறார். ஜனவரி இரவில் பெரிய சதுரப் பையை முதுகில் மாட்டி, மின்சைக்கிளில் பிரியாணி கொண்டுவந்து தருகிற பிள்ளை யார்? பார்க் எக்ஸில் ஒரு வீட்டில் ஐந்தாறு பேராகத் தங்கி, கல்லூரிக் கட்டணம் கட்டுகிற இந்திய மாணவன். கேர்ப் பாதையில் ஓடுகிறவர்களில் அவனும் ஒருவன். அவனுக்கு அந்தப் பாதை பொழுதுபோக்கில்லை. பாதை இல்லாத தெருவில் அவனுடைய உயிர் உங்கள் கதவின் கைப்பிடியில் இருக்கிறது. எங்கள் அயலில் காரே இல்லாத வீடுகளும் நிறைய உண்டு. அவர்களுடைய பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் தெருவும் இதுதான்.

சைக்கிளை ஏளனமாகப் பார்க்க எங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது என்றும் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. 1990க்குப் பின் பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் போத்தல் கணக்கில் விற்றது. மோட்டார் சைக்கிளை ஒரு சொட்டுப் பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெய்யில் ஓட்டினார்கள், அது புகைத்துக்கொண்டு போகும். மற்ற எல்லாமே ராலியும் லுமாலாவும்தான். வெங்காய மூட்டை, விறகு, பிள்ளைப்பேற்றுக்குப் போகும் பெண், எல்லாம் கரியரில். மின்சாரம் இல்லாத வீட்டில் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, ஒருவர் பெடலை மிதிக்க, டைனமோவில் வயர் கொடுத்து ரேடியோவில் செய்தி கேட்டோம். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது, ஏறி ஓட இடமில்லாமல் உருட்டிக்கொண்டு போனது சைக்கிளைத்தான். ஊரில் எஞ்சியிருந்த சொத்து அதன் ஹாண்டிலில் தொங்கியது. அந்தச் சனம் இங்கே வந்து இருபது, முப்பது ஆண்டுகளில், மகன் வேலைக்குச் சைக்கிளில் போகிறான் என்று சொல்லக் கூச்சப்படுகிறது. கார் இங்கே வாகனமும்தான், வந்த நோக்கம் நிறைவேறியதற்கான அத்தாட்சிப் பத்திரமும்தான். அதை வாசலுக்கு நேரே நிறுத்தி வைத்தால்தான் நாலு பேர் பார்ப்பார்கள். தரிப்பிடச் சண்டையில் இந்தக் கௌரவமும் கொஞ்சம் கலந்திருக்கிறது. ஒருவரும் வெளியே சொல்வதில்லை.

சைக்கிள்காரர் எல்லோரும் உத்தமர் என்றும் நான் சொல்லவில்லை. நிறுத்தப் பலகையை மதிக்காமல் போகிறவர்கள் ஏராளம். சென் டெனியில் பஸ்ஸிலிருந்து இறங்குகிற கிழவி சைக்கிள் பாதையைக் கடந்துதான் நடைபாதைக்கு வரவேண்டும், அவருக்காக நிற்காமல் மணியடித்துக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கும் கை ஓங்குகிறது. மோட்டார் வாகனம் சம்பந்தப்படாத மோதலுக்கு அரச காப்புறுதி கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஆனாலும் இந்த நகரத்தில் ஆண்டுதோறும் வாகனம் மோதி இறப்பவர்களில் மிகுதியானோர் பாதசாரிகள். சாலை சரியில்லை என்ற வழக்கில் முதல் வாதி அவர்களாகத்தான் இருக்கவேண்டும். அவர்களுக்காகக் கோஷம் போடுகிறவர்கள் குறைவு.

2025 நவம்பர் 2ஆம் திகதித் தேர்தலில் பிளான்ட் போட்டியிடவில்லை. அவருடைய கட்சி தோற்றது. ஆன்சாம்பிள் மொன்றியலின் சொறாயா மார்டினெஸ் ஃபெறாடா மேயரானார், சிலி நாட்டிலிருந்து சிறுமியாக வந்தவர். சைக்கிள் பாதைகளை மீளாய்வு செய்வது அவருடைய தேர்தல் பேச்சில் இருந்தது. எங்களில் சிலர் அதை வெற்றியாகக் கொண்டாடினார்கள். பாதையைக் கிண்டி எறிந்தால் 250 இடமும் திரும்பி வரும் என்ற எண்ணம். வந்தாலும் என்ன? கார்கள் இன்னும் பெருகும், ஐந்து ஆண்டில் அந்த 250உம் போதாது. பாதையோ போய்விட்டிருக்கும், அந்த மாணவன் மறுபடி கதவுகளுக்கு நடுவே ஓடுவான்.

என் தீர்ப்பைச் சொல்கிறேன், உடன்படாதவர்கள் தேநீர் வேளையில் சண்டைக்கு வரலாம். கேர்ப் பாதை இருக்கவேண்டும். அதற்கு விலையாக, இரவு வேலைக்காரருக்கும் டாக்சிக்காரருக்கும் பேட்டைக்குள் ஒதுக்கிய தரிப்பிடம் வேண்டும். பள்ளிகளின், அலுவலகங்களின், கடைத்தொகுதிகளின் கார் முற்றங்கள் இரவில் வெறுமையாகக் கிடக்கின்றன. அவற்றை இரவில் திறந்துவிடப் பேச்சு நடத்துவது நகரசபையின் வேலை. எங்கள் வேலை அதைக் கேட்பது. பாதையை எடு என்று மட்டும் கத்தினால் ஆம் அல்லது இல்லை என்று ஒரு பதிலோடு அனுப்பிவிடுவார்கள். இரவு பத்திலிருந்து காலை ஏழு வரை இந்த முற்றத்தில் இத்தனை இடம் என்று கேட்டால், அவர்கள் கணக்குச் சொல்லியாகவேண்டும்.

வில்லெறே, சென் மிஷேல், பார்க் எக்ஸ்ரென்ஷன் நிர்வாகப் பிரிவின் அலுவலகம் ஓகில்வி அவெனியூவில், எங்கள் பேட்டைக்குள்ளேயே இருக்கிறது. பிரிவுச் சபை மாதந்தோறும் கூடுகிறது. ஒவ்வொரு கூட்டத்திலும் பொதுமக்கள் கேள்வி நேரம் உண்டு. கேள்வி கேட்கக் குடியுரிமை தேவையில்லை. அதற்கும் மேலே, நகரசபையைப் பொதுக் கலந்தாலோசனைக்கு இழுக்கும் உரிமை 2010இலிருந்து இந்த நகரவாசிகளுக்கு இருக்கிறது. நகரம் முழுவதற்குமான விடயம் என்றால் 15,000 கையெழுத்து, ஒரு பிரிவுக்கு மட்டும் என்றால் அதைவிடக் குறைவு. பதினைந்து வயது நிரம்பிய எவரும் கையெழுத்திடலாம், அகதிக் கோரிக்கை முடியாதவரும்கூட. எங்கள் சங்கங்கள் ஆண்டுவிழாவுக்கு மண்டபம் நிறைக்கிற ஆட்களில் பத்தில் ஒரு பங்கை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவரட்டும். பெயரை முன்கூட்டியே பதிந்து, கேள்வியை எழுதிக்கொண்டு வாருங்கள். பிரெஞ்சில் கேட்கப் பயமென்றால் உங்கள் பிள்ளைகள் கேட்பார்கள்.